7,900 சொற்களில் ஒரு அறிவியல் புனைகதை: அச்சு இதழா, இணைய இதழா, தொகுப்பா?

கையில் ஒரு கதை முடிந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய அறிவியல் புனைகதை, 7,900 சொற்கள். நான்கு முறை திருத்திவிட்டேன். இனி கை வைத்தால் கெட்டுப்போகும். பாக்கி இருப்பது ஒரே கேள்வி: யாருக்கு அனுப்புவது?

முப்பது ஆண்டுகளுக்கு முன் இதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். அசிமோவ்ஸ், அனலாக், ஃபேண்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று மூன்று அச்சு இதழ்கள். ஒன்று திருப்பி அனுப்பினால் அடுத்ததற்கு. மூன்றும் வேண்டாம் என்றால் சின்ன இதழ்கள். இன்று அந்த வரிசை கலைந்து கிடக்கிறது. இதழ்கள் கைமாறுகின்றன, சில மூடுகின்றன, சில பணமே இல்லாமல் இருபது ஆண்டுகளைத் தாண்டி நடக்கின்றன. ஆகவே இருக்கிற வழிகளையெல்லாம் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தேன். இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இந்தக் கதை விருதுப் பட்டியலில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அதில் வெட்கமில்லை. இந்த வகை எழுத்தின் பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இறுதிப் பட்டியலில் பெயர் வந்த கதையை ஆண்டுத் தொகுப்பு ஆசிரியர்கள் தேடிப் படிக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் கேட்கிறார்கள், பத்து ஆண்டு கழித்தும் யாராவது அதைக் கண்டெடுக்கிறார்கள். சிறுகதை பொதுவாக வெளியான மாதத்தோடு மறைந்துவிடும் பண்டம். பரிந்துரை அதன் ஆயுளை நீட்டுகிறது.

அந்தப் பரிந்துரை எப்படி நடக்கிறது என்பதை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். ஹியூகோ படிவத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே 5 வெற்று வரிகள் இருக்கும். கதையின் பெயர், எழுதியவர், வெளியான இடம் என்று நிரப்ப வேண்டும். நான் முதல் முறை அதைத் திறந்தபோது சிறுகதைப் பிரிவில் இரண்டு வரிகளை உடனே நிரப்பினேன். மூன்றாவதற்கு மனதில் ஒரு கதை இருந்தது. ஆறேழு மாதங்களுக்கு முன் ஒரு அச்சு இதழில் படித்தது. கடைசிக் காட்சி அப்படியே நினைவிருக்கிறது, தலைப்பு மட்டும் வரவில்லை. அலமாரியில் இதழைக் காணோம். இணையத்தில் தேடினால் சந்தா கட்டச் சொல்லும் பக்கம்தான் வந்தது. அதற்குள் வேறொரு கதையின் சுட்டி கண்ணில் பட்டது, நல்ல கதைதான். அதை நகலெடுத்து ஒட்டிவிட்டுப் படிவத்தைச் சமர்ப்பித்தேன். அச்சில் படித்தது அதைவிட மேலான கதை. அதற்கு என் வாக்கு போகவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த ஒப்பீட்டின் அடிப்படை. பரிந்துரைப்பவர், கெடு நெருங்கும் மார்ச் மாதத்து இரவொன்றில் உங்கள் கதையை மறுபடி எட்ட முடியுமா? நண்பருக்கு அனுப்பி, "இதைப் படித்துவிட்டுச் சொல்" என்று சொல்ல முடியுமா? இதழின் புகழை இதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

ஹியூகோவுக்குப் பரிந்துரைப்பவர்கள் வேர்ல்ட்கான் என்ற உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், பெரும்பாலும் வாசகர்கள். நெபுலாவுக்கு எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. என்ற எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். லோகஸ் விருதில் யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். ஸ்டர்ஜன் விருது மாதிரி நடுவர் குழு முடிவு செய்பவை தனி. அங்கே கதை நடுவர் மேசைக்கு வந்துவிட்டால் போதும், ஆயிரம் பேர் படித்திருக்க வேண்டியதில்லை. வாக்கு விருதுகளில் ஆட்கள் வேறு வேறு என்றாலும் எல்லோருக்கும் ஒரு பொதுவான கஷ்டம் உண்டு: ஒரு ஆண்டில் வெளிவரும் சிறுகதைகளில் கால்வாசியைக்கூட ஒருவரால் படிக்க முடியாது.

முதலில் அச்சு இதழ்கள். எனக்கு அவற்றின் மேல் உள்ள பாசம் பெரியது. 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் அமேசிங் ஸ்டோரிஸைத் தொடங்கியதிலிருந்து இந்த வகை எழுத்தே இதழ்களின் மடியில் வளர்ந்தது. விருதின் பெயரே அவருடையதுதான். 1930-இல் அஸ்டவுண்டிங் என்று பிறந்த இதழ்தான் இன்றைய அனலாக். ஒரு காலத்தில் லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஃபேண்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் 1949-இல் வந்தது, அசிமோவ்ஸ் 1977-இல். இவர்கள் நீளமான கதையைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். 2025-இல் மூன்றும் மஸ்ட் ரீட் மேகசீன்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தன. மூன்று கதவு என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது மூன்றுக்கும் ஒரே வீட்டுக்காரர். நல்லதாகவே முடியலாம். ஆனால் கைமாறிய இதழிடமிருந்து ஒப்பந்தம் வந்தால் பழைய வாசகங்கள் அப்படியே இருக்கின்றன என்று நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. வரி வரியாகப் படிக்க வேண்டும்.

விருது என்று பார்த்தால் அச்சுக்கு ஒரு மகத்தான சாட்சி உண்டு. கென் லியூவின் 'தி பேப்பர் மெனாஜரி' 2011-இல் ஃபேண்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷனில் வந்து ஹியூகோ, நெபுலா, உலகக் கனவுப்புனைவு விருது மூன்றையும் வென்றது. மூன்றையும் வென்ற முதல் புனைவு அதுதான். ஆனால் அந்தச் சாட்சிக்கும் வயதாகிவிட்டது.

இணைய இதழ்களின் கணக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு ஹியூகோவின் சிறுகதைப் பிரிவை மட்டும் பார்த்தால் போதும். 2018 முதல் 2025 வரை வென்ற 8 கதைகள் வெளியான இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்: ஏபெக்ஸ், ஏபெக்ஸ், டோர்.காம், அன்கேனி, அன்கேனி, அன்கேனி, கிளார்க்ஸ்வேர்ல்ட், அன்கேனி. எட்டும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் திறந்து படிக்கக்கூடிய இடங்கள். இது திடீரென்று வந்த மாற்றமும் இல்லை. 2014-இல் சிறுகதைப் பிரிவின் இறுதிப் பட்டியலில் இருந்த 4 கதைகளுமே இணையத்தில் வந்தவைதான். நெபுலா பக்கம் 2000-ஆம் ஆண்டுக் கதைகளிலேயே கதவு திறந்துவிட்டது. லிண்டா நகாடாவின் 'காடெசஸ்' என்ற குறுநாவல், எலன் டாட்லோ ஆசிரியராக இருந்த சை ஃபிக்‌ஷன் தளத்தில் வந்து நெபுலாவை வென்றது.

அன்கேனியும் கிளார்க்ஸ்வேர்ல்டும் பெரிய பெயர்கள், அதனால்தான் வெல்கிறார்கள் என்று சொல்லலாம். அப்படியானால் டயபாலிக்கல் ப்ளாட்ஸை என்ன செய்வது? சின்னஞ்சிறு இணைய இதழ். ஜான் விஸ்வெல்லின் 'ஓபன் ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' 2020-இல் அங்கே வந்து நெபுலா வாங்கியது. படித்தவர்கள் அடுத்தவருக்குச் சுட்டியை அனுப்பினார்கள், அதற்கு யாரும் கடைக்குப் போகவோ சந்தா கட்டவோ தேவைப்படவில்லை. போதாததற்குப் பல இணைய இதழ்கள் கதையை வாசித்துக் குரல் பதிவாகவும் தருகின்றன. கிளார்க்ஸ்வேர்ல்டின் எத்தனையோ கதைகளை நான் கேட் பேக்கரின் குரலில்தான் முதலில் கேட்டேன். கண்ணுக்கு ஓய்வில்லாத ஆளுக்கும் கதை போய்ச் சேர்கிறது.

இன்னொரு வசதி, பதில் வரும் வேகம். பெரும்பாலான இதழ்கள் ஒரே கதையை ஒரே நேரத்தில் வேறு இதழுக்கும் அனுப்புவதை ஏற்பதில்லை. ஓரிடத்தில் நான்கு மாதம் கிடந்தால் அந்த நான்கு மாதமும் போனதுதான். கிளார்க்ஸ்வேர்ல்ட் பெரும்பாலும் சில நாட்களிலேயே பதில் சொல்லிவிடும். "வேண்டாம்" என்ற பதிலானாலும் அது சீக்கிரம் வருவது பெரிய மரியாதை.

ஆனால் இந்த வீட்டின் அஸ்திவாரம் எவ்வளவு மெல்லியது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் இலவசமாகப் படிக்கிறார்கள், சிலர் மட்டும் பணம் கட்டுகிறார்கள். அந்தச் சிலரில் பலர் அமேசான் கிண்டில் வழியாகச் சந்தா கட்டியிருந்தார்கள். 2023 செப்டம்பரில் அமேசான் அந்த இதழ்ச் சந்தா சேவையையே நிறுத்தியது. போன சந்தாதாரர்களை இதழ்கள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரி 20 அன்று கிளார்க்ஸ்வேர்ல்ட் கதை வாங்குவதையே நிறுத்தி வைத்தது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளிய கதைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஐந்நூறு அளவுக்கு வந்து குவிந்திருந்தன. அசல் எழுத்தாளர்கள் அந்தக் குவியலுக்கு அடியில். மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். ஆசிரியர் நீல் கிளார்க் அன்றைக்குக் கையை விரித்திருந்தால் புதியவர்கள் நுழையும் மிகப் பெரிய வாசல் ஒன்று அடைபட்டிருக்கும். அவர் விடாமல் நின்றதற்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் 2000-லிருந்து தன்னார்வலர்களின் உழைப்பிலேயே நடக்கிறது. பலமுறை இறுதிப் பட்டியலில் வந்து வந்து, கடைசியில் 2024-இல்தான் ஹியூகோ கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

சை ஃபிக்‌ஷன் என்ன ஆனது என்பதையும் மறக்க முடியாது. அருமையான கதைகள், நல்ல பணம், நெபுலா எல்லாம் இருந்தும் 2005 இறுதியில் அதை நடத்திவந்த தொலைக்காட்சி நிறுவனம் மூடிவிட்டது. பிறகு பழைய கதைகள் இருந்த பக்கங்களும் காணாமல் போயின. வேறு தொழில் செய்யும் முதலாளியின் நிழலில் இருக்கும் இதழுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. டோர்.காம் 2024 தொடக்கத்தில் ரியாக்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு பதிப்பக நிழலில் நன்றாகவே நடக்கிறது. நன்றாகவே பணமும் தருகிறது. என்ன, கேட்காமல் அனுப்பும் கதைகளுக்கு அதன் கதவு பெரும்பாலும் திறந்திருப்பதில்லை. அதனால் என் பட்டியலில் அது இல்லை.

தொகுப்பு நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழைப்பு வந்தால் மகிழ்ச்சியாக எழுதலாம். பரிந்துரை என்று வரும்போது ஒரு கதைக்காக யாரும் முழுப் புத்தகத்தை வாங்குவதில்லை. அமல் எல்-மோதாரின் 'சீசன்ஸ் ஆஃப் கிளாஸ் அண்ட் அயர்ன்' தொகுப்பில் வந்த கதைதான். 2017-இல் ஹியூகோவும் வென்றது. ஆனால் அதை அன்கேனி இணையத்தில் மறுபிரசுரம் செய்திருக்கிறது, நானே அங்கேதான் படித்தேன். தொகுப்புக்குக் கொடுப்பதானால், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் இணையத்தில் மறுபிரசுரம் செய்துகொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தச் செய்திமடலிலோ ஆதரவாளர் பக்கத்திலோ நாமே வெளியிடுவதும் ஒரு வழி. விதிப்படி விருதுக்குத் தகுதி உண்டு. ஆனால் முதல் பிரசுர உரிமை அங்கேயே செலவாகிவிடும். பிறகு எந்த நல்ல இதழும் அதைப் புதுக் கதையாக வாங்காது. ஏற்கெனவே பெரிய வாசகக் கூட்டம் இருப்பவர்களுக்குச் சரி. எனக்கு இல்லை.

இனி நீளம். இங்கேதான் நான் அதிக நேரம் தடுமாறினேன். ஹியூகோவும் நெபுலாவும் ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன: 7,500 சொற்களுக்குக் கீழே சிறுகதை, அங்கிருந்து 17,500 வரை நெடுங்கதை, அதற்கு மேல் 40,000 வரை குறுநாவல். என் கதை 7,900. நானூற்றுச் சொச்சம் சொற்களை வெட்டினால் சிறுகதை. அப்படியே விட்டால் நெடுங்கதை. வெட்ட முடியாதது ஒன்றுமில்லை: நடுவில் ஒரு பெண் தண்ணீர் மீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே தன் அப்பாவிடம் பேசும் காட்சி இருக்கிறது, அதை எடுத்தால் கதை ஓடும். சிறுகதை வாங்கும் இணைய இதழ்கள் நிறைய, நெடுங்கதை வாங்குபவை கொஞ்சம். ஆகவே வெட்டுவதுதான் புத்தி என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எதிர்ப்பக்கக் கணக்கைப் பார்த்தேன். சிறுகதைப் பிரிவில் கதைகள் ஏராளம் என்பதால் வாக்குகள் மணல் மாதிரி சிதறும். முன்பு ஹியூகோவில் ஒரு விதி இருந்தது: அந்தப் பிரிவின் பரிந்துரைச் சீட்டுகளில் 5 விழுக்காட்டில் இடம்பெறாத கதை இறுதிப் பட்டியலுக்கு வர முடியாது. 600 பேர் பரிந்துரைத்தால் 30 பேர் உங்கள் கதையை எழுதியிருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் 2013-இல் சிறுகதைப் பிரிவில் 3 கதைகள்தான் அந்த வரம்பைத் தாண்டின. 5 பேர் உட்கார வேண்டிய பந்தியில் 3 பேர். நல்ல கதைகள் குறைந்ததால் அல்ல, ஆளுக்கொரு கதையைப் பிடித்துக்கொண்டதால். அந்த விதியை இப்போது எடுத்துவிட்டார்கள். சிதறல் மட்டும் அப்படியே இருக்கிறது.

2015-இல் வேறு விதமான பாடம் கிடைத்தது. ஒரு குழு தயாரித்த பட்டியலைப் பலர் அப்படியே நகலெடுத்துப் பரிந்துரைத்தார்கள். சிதறிய வாக்குகளுக்கு நடுவே கட்டாக விழுந்த வாக்கு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. இறுதி வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் சிறுகதை உட்பட 5 பிரிவுகளில் "யாருக்கும் விருதில்லை" என்று தீர்ப்பளித்தார்கள். அதன் விளைவாக 2017 முதல் எண்ணும் முறையே மாறியது. ஒரு பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. 5 கதைகளை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 0.2. மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டு கதைகளை எடுத்து, அவற்றில் குறைவான சீட்டுகளில் இருப்பதை நீக்குவார்கள். உங்கள் சீட்டில் ஒரு கதை நீங்கினால் மீதி நான்கும் 0.25 ஆக உயரும். இப்படியே 6 கதைகள் மிஞ்சும் வரை. ஒரே பட்டியலை நகலெடுப்பவர்களின் புள்ளிகள் தங்களுக்குள்ளேயே பங்குபோட்டுத் தேயும். தனித்தனியாக ரசித்து எழுதியவர்களின் வாக்கு சேர்ந்து வலுப்பெறும். எழுத்தாளருக்கு இதில் கிடைக்கும் செய்தி: ஒரு நெருக்கமான குழுவின் கைதட்டலைவிட, ஒருவரையொருவர் அறியாத வாசகர்கள் பலரிடம் கதை போய்ச் சேர்வது மேல். மறுபடியும் திறந்த பக்கம், மறுபடியும் சுட்டி.

நெடுங்கதைப் பிரிவில் போட்டி இவ்வளவு நெரிசல் இல்லை. வென்றவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 2020-இல் வென்ற என்.கே. ஜெமிசினின் கதை அமேசான் தனியாக வெளியிட்ட மின்கதை. 2022-இல் கிளார்க்ஸ்வேர்ல்ட். 2023-இல் சீன மொழியில் வெளியான ஹாய் யாவின் கதை. 2024-இல் அன்கேனி. 2025-இல் அசிமோவ்ஸ், நம் பழைய அச்சு இதழ். சிறுகதையில் எட்டு ஆண்டுகளாக வெல்லாத அச்சு இங்கே வென்றிருக்கிறது.

இதில் நவோமி கிரிட்சரைக் கவனியுங்கள். 2024-இல் ஒரே இரவில் சிறுகதைக்கும் நெடுங்கதைக்கும் ஹியூகோ வாங்கினார். ஒன்று கிளார்க்ஸ்வேர்ல்டில் வந்தது, மற்றது அன்கேனியில். 2025-இன் அசிமோவ்ஸ் நெடுங்கதையும் அவருடையதே. எழுத்தாளருக்குப் பெயர் வந்துவிட்டால் வாசகர்கள் அச்சுக்கும் பின்தொடர்ந்து வருகிறார்கள். புதியவருக்கு அந்தத் துணை கிடையாது. இதழ்தான் வாசகரைக் கூட்டிவர வேண்டும். இதனால் அச்சின் இந்த வெற்றியை என் கணக்கில் பாதியாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.

குறுநாவலுக்கு இதழ் என்ற பேச்சே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 2015-இல் டோர்.காம் தனிப் புத்தகமாகக் குறுநாவல்களை வெளியிடத் தொடங்கியது. 2021-லும் 2022-லும் ஹியூகோ குறுநாவல் இறுதிப் பட்டியலில் இருந்த ஆறுக்கு ஆறும் அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்கள். ஒரே வீட்டிலிருந்து முழுப் பட்டியலும் வருவது நல்லதா என்பது தனிக் கேள்வி. எனக்கு அது கவலை தருகிறது. 20,000 சொற்களில் உங்களிடம் கதை இருந்தால், முதலில் புத்தகமாகக் கேட்கும் பதிப்பாளரைத் தேடுங்கள்.

தமிழில் எழுதி மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்பவை. "போய்க்கொண்டிருந்தவர்களுக்காக" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல். தமிழில் 5,500 சொற்களில் முடிந்த சிறுகதை ஆங்கிலத்தில் நெடுங்கதையாகிவிடும். எந்த மொழியில் வந்த கதைக்கும் ஹியூகோவில் தகுதி உண்டு. அதற்கு மேல், முதன்முதலாக ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளியாகும் ஆண்டில் மறுபடியும் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. ஹாவ் ஜிங்ஃபாங்கின் 'ஃபோல்டிங் பெய்ஜிங்' கென் லியூ மொழிபெயர்ப்பில் 2015-இல் அன்கேனியில் வந்து, 2016-இல் நெடுங்கதைக்கான ஹியூகோவை வாங்கியது அப்படித்தான். நெபுலாவுக்கு ஆங்கிலப் பிரசுரம் தேவை.

புதியவர்கள் மறந்துவிடும் கடிகாரம் ஒன்றும் உண்டு. அஸ்டவுண்டிங் என்ற புதிய எழுத்தாளருக்கான விருதுக்கு, முதல் தொழில்முறைப் பிரசுரத்திலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் தகுதி. அந்த முதல் கதை யாரும் படிக்காத இடத்தில் வந்தால் கடிகாரம் மட்டும் ஓடிவிடும். இரண்டு மூன்று கதைகள் கைவசம் தயாராகும் வரை முதல் கதையை அனுப்பாமல் வைத்திருப்பது தவறில்லை என்பது என் கருத்து.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. 2019-இல் தொழில்முறைக் கூலியைச் சொல்லுக்கு 8 அமெரிக்க சென்ட் என்று உயர்த்தியது. 7,900 சொற்களுக்கு 632 டாலர். 2022 முதல் அந்தச் சங்கத்தில் இணை உறுப்பினராக, எழுத்தில் மொத்தம் 100 டாலர் ஈட்டியிருந்தால் போதும். முழு உறுப்பினராக 1,000 டாலர். ஆக இந்த ஒரு கதை விற்றாலே நெபுலாவுக்குப் பரிந்துரைக்கும் பக்கத்துக்கு நானும் போய்விடலாம். 8 சென்டுக்குக் கீழே தரும் இதழ்களிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் என் வரிசையில் அவை கடைசியில்தான்.

ஹியூகோ ஒன்றையே குறியாக வைக்க வேண்டாம் என்றும் எச்சரிக்கத் தோன்றுகிறது. சீனாவின் செங்டு நகரில் 2023-இல் கொடுத்த விருதுகளின் எண்ணிக்கை விவரம் 2024 ஜனவரியில் வெளியானபோது, ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் உட்படச் சில படைப்புகளும் ஆட்களும் காரணம் சொல்லப்படாமலே தகுதியற்றவை என்று தள்ளப்பட்டிருந்தது தெரியவந்தது. பரிந்துரைத்தவர்களின் வாக்கு மண்ணாகப் போயிற்று. 2024-இல் விருதுகளை நடத்திய கிளாஸ்கோ குழு 377 சந்தேக வாக்குகளைச் செல்லாதவை என்று நீக்கி, அதை வெளிப்படையாக அறிவித்தது. நம்பிக்கை அப்படித்தான் திரும்பியது, கொஞ்சம் கொஞ்சமாக.

என் முடிவுக்கு வருகிறேன். தண்ணீர் மீட்டர்க் காட்சியை வெட்டப் போவதில்லை. கதை 7,900 சொற்களிலேயே நெடுங்கதையாகப் போகும். முதலில் கிளார்க்ஸ்வேர்ல்ட்: 22,000 சொற்கள் வரை வாங்குகிறார்கள், எப்போதும் திறந்த பக்கம், பதில் சீக்கிரம் வரும், மறுத்தாலும் ஒரு வாரம்தான் போகும். அடுத்து அன்கேனி, இந்த நீளத்துக்கு அவர்கள் கதவு திறந்திருக்கும் நேரமாக இருந்தால் மட்டும். மூன்றாவது அசிமோவ்ஸ், அங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், ஒப்பந்தத்தை நிதானமாகப் படிக்க வேண்டும், ஆனால் நெடுங்கதைக்கு அது இன்னமும் மதிப்புள்ள வீடு. நாலாவதாக அனலாக். ஐயாயிரம் சொற்களில் ஒரு கதை இருந்திருந்தால் அன்கேனியும் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸும் முதலில் வந்திருக்கும், அச்சு பட்டியலிலேயே இருந்திருக்காது.

எங்கே வந்தாலும், டிசம்பர் கடைசியில் ஒரு வேலை செய்ய வேண்டும். கதையின் பெயர், வெளியான இதழ், மாதம், சொல் எண்ணிக்கை, எந்தப் பிரிவு, சுட்டி என்று நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். நெபுலாவுக்குப் பிப்ரவரி இறுதி வரையும் ஹியூகோவுக்குப் பெரும்பாலும் மார்ச் நடு வரையும் பரிந்துரைக்கிறார்கள். அப்போது யாரோ ஒருவர் என் கதையின் கடைசிக் காட்சி மட்டும் நினைவிருந்து, தலைப்பு வராமல் தேடிக்கொண்டிருக்கலாம்.